அரசியல் கடுப்பைச் சைக்கிளில் இறக்க முடியுமா? தஞ்சாவூர் பக்கம் எந்த ரோடு, எவ்வளவு வேகம்?

வடவாற்றுக்கரை:
டிவி விவாதம், சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் கட்சிச் சண்டை, காவிரியில் எத்தனை டிஎம்சி என்று வருசா வருசம் அதே பேச்சு. மண்டை கொதிக்கிறது. வயது 44, எடை 72 கிலோ, பிபி சுகர் கிடையாது. 28 மி.மீ. டயர் போட்ட ரோடு பைக் இருக்கிறது. ஆத்திரம் வந்தவுடன் வண்டியை எடுத்து மூச்சு முட்ட ஒரு மணி நேரம் விரட்டினால் அடங்குமா? ஏற்றமே இல்லாத நம்ம ஊரில் உடம்பை முறிக்கிற மாதிரி ஓட்ட வழி என்ன?

எதிர்க்காற்று:
முதல் கேள்விக்குப் பதில்: அடங்காது, அதுவும் கோபம் தலைக்கேறிய நிமிடத்தில் கிளம்பினால். 2024ல் 154 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு கட்டுரை வந்தது. இதயத் துடிப்பை ஏற்றுகிற வேலைகளால் மொத்தத்தில் கோபம் குறையவில்லை. ஓட்டப்பயிற்சியில் கூடவே செய்தது. துடிப்பை இறக்குகிற மூச்சுப் பயிற்சி, தளர்வுப் பயிற்சிதான் கோபத்தைத் தணித்தது. காரணம் புரியக்கூடியதே. கோபத்திலும் நெஞ்சு படபடக்கும், மிதிக்கும்போதும் படபடக்கும். மனசு இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டு பழைய வாதத்தை மறுபடி அரைக்கும்.

அதைவிட முக்கியமான ஒன்று. 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களிடம் எடுத்த பெரிய ஆய்வு 2016ல் வெளியானது. கோபமும் கடும் உழைப்பும் ஒரே நேரத்தில் சேர்ந்தால், அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. ஒன்பது மணி விவாதத்தை அணைத்த கையோடு ஹேண்டில்பாரைப் பிடிக்காதீர்கள். நாற்பதைத் தாண்டியவர் ஒரு முறை டிரெட்மில் டெஸ்ட் எடுத்துவிட்டு இதில் இறங்குவது நல்லது.

அப்படியானால் கடினமாக மிதித்து என்ன பயன்? கோபத்தைக் கொட்டுவதற்கு இல்லை. கொஞ்ச நேரம் வேறு எதையும் நினைக்க விடாது என்பதற்காக. அதற்கு விடிகாலைதான் சரி. முதல் 20 நிமிடம் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகம். பிறகு 4 நிமிடம் கடினம், 3 நிமிடம் இலகு, இப்படி நான்கு சுற்று. உங்கள் வயதுக்கு உச்சத் துடிப்பு ஏறக்குறைய 177 (208லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் வருவது). கடினச் சுற்றின் கடைசி இரண்டு நிமிடங்களில் 159 முதல் 168 வரை நிற்க வேண்டும். துடிப்பை அளக்கிற நெஞ்சுப் பட்டை இல்லையா? மூன்று வார்த்தைக்கு மேல் தொடர்ந்து பேச முடியாவிட்டால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். முதல் சுற்றிலேயே 170 தொட்டால் நான்காவது சுற்று நாசம். எல்லோரும் செய்கிற தப்பு இது.

முடிந்ததும் 15 நிமிடம் மெதுவாக மிதித்து, வீட்டுத் திண்ணையில் ஐந்து நிமிடம் 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விடுங்கள். கோபத்துக்கு மருந்து எதுவென்றால் இந்தக் கடைசிப் பகுதிதான். அதைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் இந்தக் கடினச் சுற்று வேண்டாம்.

ஏற்றம் இல்லை என்று கவலைப்படாதீர்கள். டெல்டாவில் காற்றுதான் மலை. ஆனி, ஆடியில் மேல்காற்று; ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடையும் கொண்டலும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது தள்ளுகாற்று, இதுதான் விதி. ஆடியில் திருவையாறு போய், காவிரிக்கரையோடு திருக்காட்டுப்பள்ளி பக்கம் மேற்கே ஏறுங்கள். மார்கழியில் சுவாமிமலை, கும்பகோணம் பக்கம். மாற்றிப் போனால் காலி பாட்டிலோடும் செத்த காலோடும் கடைசி 20 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் வர வேண்டியிருக்கும். எதிர்க்காற்றில் வேகமானியைப் பார்க்காதீர்கள். காற்று 15ல் அடிக்கும்போது நீங்கள் 20ல் போனால், உடம்பில் மோதுவது 35 வேகத்துக் காற்று. அங்கே 22 போனாலே பெரிய வேலை.

பஞ்சர்பெட்டி:
மேலே சொன்னது சரி. ஆனால் தலையைக் குனிந்து மிதிக்கிற ஆளுக்கு நம்ம ரோட்டில் என்ன காத்திருக்கு என்று யாரும் சொல்லலையே.

குறுவை அறுப்பு, அப்புறம் சம்பா, தாளடி அறுப்பு. தை, மாசியில் பாதி ரோட்டில் நெல் காயும். விடிகாலையில் அது கறுப்புப் படுதாவுக்குள் இருக்கும், ஓரம் முழுக்கச் செங்கல்லும் கருங்கல்லும். நெல்லை அள்ளின பிறகும் கல்லை அங்கேயே விட்டுட்டுப் போயிருப்பாங்க. 28 டயர் அதில் ஏறினால் டியூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை. சிதறின நெல்மணி டயருக்கடியில் உருளும். பிரேக்கும் பிடிக்காதீங்க, ஹேண்டிலும் திருப்பாதீங்க, நேராப் போயிடுங்க. அறுப்பு மிஷின் செயின் வழியே ரோட்டில் விழுற களிமண் அதைவிட மோசம். பனி இறங்கினால் விளக்கெண்ணெய் கொட்டின மாதிரி.

வைக்கோல் பின் பல்சக்கரத்தில் சுற்றினால் பலத்தோடு மிதிக்காதீங்க, பின் கியர் மாத்துற கருவியைத் தாங்குற சின்ன உலோகத் துண்டே வளையும். இறங்கி, பெடலைப் பின்னால சுத்தி உருவி எடுங்க. எண்ணெய் தளும்பத் தளும்ப விட்ட செயினில் நெல் சுணை ஒட்டி அரைமாவாகிடும். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிசம் கழிச்சு வெளிப்பக்கத்தைத் துணியால் சுத்தமாத் துடைச்சிடுங்க.

காற்று: 72 கிலோவுக்கு முன்னால 65, பின்னால 75 பிஎஸ்ஐ. கல்லு மாதிரி 100 அடிக்காதீங்க. முடிஞ்சா 32 டயருக்கு மாறுங்க, ஃபிரேமில் இடம் இருக்கான்னு பார்த்துக்கிட்டு. உங்க டியூப்பில் பிரஸ்டா வால்வுன்னா, அதாவது ரோடு பைக்கில் வர்ற ஒல்லியான வால்வுன்னா, ஊர்ப் பஞ்சர்க் கடைப் பம்பு சேராது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்னு பையில் போட்டுக்குங்க. கூடவே ரெண்டு டியூப், டயர் லீவர், கைப்பம்பு. கருவ முள்ளு குத்தினால் டயர் உள்பக்கம் விரலால் தடவி முனையைப் பிடுங்காம புது டியூப் போடாதீங்க.

இன்னொன்னு, நீங்க எதை மறக்கக் கிளம்புறீங்களோ அதுவும் ரோட்டில்தான் கிடக்கும். கட்சிக் கூட்டம் முடிஞ்ச மறுநாள் காலையில் கொடி கட்டின கம்பி, ஆணி, பிளெக்ஸ் சட்டத்துண்டு எல்லாம் ஓரத்தில் இருக்கும். அந்த வாரம் ரோட்டின் விளிம்பை விட்டு ஒரு மீட்டர் உள்ளே ஓட்டுங்க. தண்ணி பிரச்சினை சூடா இருக்கும்போது சாலை மறியல் இருக்கான்னு முதல்நாளே கேட்டுக்குங்க.

நிதானம்:
கடினச் சுற்றைப் பற்றி எனக்கு வேறு கருத்து. புதியவர் முதல் ஆறு வாரம் அதைத் தொடவே வேண்டாம். 60 முதல் 90 நிமிடம் ஒரே சீராக, நிமிடத்துக்கு 85 முதல் 95 மிதி. கனமான கியரில் கோபத்தோடு அமுக்குவதுதான் முழங்காலுக்கு எமன். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது, பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறது என்று தொடங்குங்கள். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அதற்குமேல் 5 மி.மீ. 5 மி.மீ. ஆகத்தான் மாற்ற வேண்டும்.

சித்திரை, வைகாசியில் ஐந்தே காலுக்குக் கிளம்பி ஏழுக்குள் திரும்பிவிடுங்கள். மணிக்கு 750 மில்லி தண்ணீர். அதில் கால் டீஸ்பூன் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, பாதி எலுமிச்சை. டீக்கு நிறுத்துங்கள், ஆனால் பேப்பர் தொங்குகிற, பெஞ்சில் நாலு பேர் ஆட்சியைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிற கடையில் வேண்டாம். போனைச் சட்டைப்பையில் வைக்காமல் சீட்டுப் பைக்குள் வைத்து ஜிப்பைப் பூட்டுங்கள்.

வடவாற்றுக்கரை:
நன்றி. காலையில் முடியாத நாள்களில் மாலை ஏழு மணிக்கு ஓட்டலாமா?

எதிர்க்காற்று:
இலகுவாக மட்டும். கடினச் சுற்று என்றால் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராமல் மறுபடி போனைத்தான் எடுப்பீர்கள். திருவையாறு ரோட்டில் ஐந்து ஆற்றுப் பாலம். பாலத்து இரும்பு இணைப்புகள் இருட்டில் தெரியாது. எதிரே வருகிற பஸ் ஹை பீமைக் குறைக்காது.

பஞ்சர்பெட்டி:
ஏப்ரல், மே மாசத்தில் ஆற்றங்கரை ரோடு ராத்திரியில் வேண்டவே வேண்டாம். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால தூர்வாருவாங்க, டிப்பர் லாரி கொட்டின மண்ணு குவியலா கிடக்கும். பின்விளக்கு ரெண்டு போடுங்க, ஒன்னு விட்டு விட்டு எரியுறது, ஒன்னு நின்னு எரியுறது.