நாட் கிங் கோல் நிகழ்ச்சி: நல்ல பிரதி எங்கே கிடைக்கும்?

நண்பர்களே, ஓர் உதவி வேண்டும். 1956 நவம்பர் முதல் 1957 டிசம்பர் வரை அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் பாடகர் நாட் கிங் கோல் நடத்திய இசை நிகழ்ச்சியின் தெளிவான பிரதியைத் தேடுகிறேன். இணையத்தில் அகப்படுபவை பெரும்பாலும் மங்கல். அன்று திரையில் ஓடியதைப் படச்சுருளில் பிடித்துவைத்ததன் விளைவு. ஆனாலும் அந்தக் குரல்! விரல்கள் பாட்டுக்குப் பியானோவில் ஓட, நம்மைப் பார்த்துச் சிரித்தபடி பாடுகிறார். கறுப்பினக் கலைஞர் என்பதால் தேசிய அளவில் விளம்பரதாரர் எவரும் முன்வரவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் விருந்தினராக வந்த பகுதி, ஒலி சிதையாமல் முழுமையாக யாரிடமாவது உண்டா? பாடகர் ஹாரி பெலஃபான்டே வந்த பகுதி இருந்தாலும் மகிழ்வேன். டிவிடி விற்பனையில் இருந்தால் விவரம் சொல்லுங்கள்; காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.