தனுஷ்கோடியில் இறங்கிய குடும்பம்

தேவகி (தலவாக்கலை): நேற்று இரவு ஒருவழியாக அந்த நாவலை முடித்துவிட்டேன். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளை வகுப்பில் பிள்ளைகள்மீது எரிந்து விழுவேன்.

சாந்தி (பண்டாரவளை): எது அக்கா? வெளியீட்டு விழாவுக்குப் போய் வரிசையில் நின்று கையெழுத்து வாங்கி வந்தாயே, அதுவா?

தேவகி: அதேதான். அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பைக் கலியாண வீடுகளுக்குக்கூடப் பரிசாகக் கொடுத்தவள் நான். இதை எழுதியதும் அதே ஆள்தானா என்று இரண்டு முறை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

பிரதீபன் (பேராதனை): அத்தை, இங்கே விடுதியில் எல்லாரும் புகழ்கிறார்களே. அப்படி என்ன குறை?

தேவகி: கதை 1971இல் நடக்கிறது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு எழுதப்பட்ட மலையகத் தோட்டக் குடும்பம். தலைமன்னாரில் கப்பல் ஏறித் தனுஷ்கோடியில் இறங்குகிறார்கள். ரயில் நிலையத்தில் உட்கார்ந்து இட்லி வேறு சாப்பிடுகிறார்கள்.

மாமா (கோத்தகிரி): தனுஷ்கோடியா? 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அந்த ஊரும் போனது, ஊருக்கு வந்துகொண்டிருந்த ரயிலும் போனதே அம்மா! நாங்கள் வந்தபோது கப்பல் இராமேஸ்வரத்துக்குத்தான் வந்தது. அங்கிருந்து மண்டபம் முகாம். அந்த இட்லிக்காரரை எனக்கும் காட்டச் சொல்.

தேவகி: சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமே அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதிதான் கையெழுத்தானது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் அங்கே, 3 இலட்சம் பேர் இங்கே என்று கணக்குப் போட்டு ஆட்களை அனுப்பத் தொடங்கியபோது இறங்குவதற்குத் தனுஷ்கோடியில் துறையே இல்லை.

பிரதீபன்: நாவல் வரலாற்றுப் பாடநூல் இல்லையே அத்தை. ஓர் ஊர்ப் பெயருக்காக முழுப் புத்தகத்தையும் தள்ளிவிடலாமா?

தேவகி: சரி, கப்பலை விட்டுவிடுகிறேன். இதைக் கேள். கதாநாயகி மாலையில் தேயிலைக் கொழுந்தை நிறுவையில் போட்டுவிட்டு வருகிறாள். தோட்டத் துரை அன்றைய கூலியை அவள் கையில் எண்ணிக் கொடுக்கிறார். எந்தத் தோட்டத்தில் நடந்தது இது? மாதம் முழுவதும் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் விழுந்து, கடையிலும் முற்பணத்திலும் கழித்ததுபோக மிஞ்சுவதைச் சம்பள நாளில் வாங்கியவர்கள் நம் அம்மாக்கள். இது அவருக்குத் தெரியாது என்று சொல்லவே முடியாது. முதல் தொகுப்பில் அரைநாள் கூலி மட்டும் பதியும் அரைப்பேரை வைத்தே ஒரு முழுக் கதை எழுதினாரே! கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கணக்கப்பிள்ளை நிறுவையில் கழிக்க, "என் கூடை இவ்வளவு கனமென்றால் நாளைக்கு நீயே தலையில் மாட்டிக்கொண்டு மலையேறு" என்று ஒரு கிழவி கேட்பாளே. அம்மாவுக்கு அதை நான் வாசித்துக் காட்டியபோது பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்களும் வந்து உட்கார்ந்து சிரித்தார்கள். தெரியாதவர் எழுதினால் இவ்வளவு கோபம் வராது, தம்பி.

மாமா: அந்தக் கிழவி எங்கள் லயத்து வீட்டு வரிசையிலும் இருந்தாள். எல்லா லயத்திலும் ஒருத்தி இருப்பாள்.

தேவகி: இந்த நாவலில் அவள் இல்லை மாமா. எல்லாப் பெண்களும் பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டு அழுகிறார்கள், அவ்வளவுதான். போதாததற்கு, மன்மதன் - ரதி கதையை ஆடும் காமன் கூத்தை ஆடி மாதத்தில் வைத்திருக்கிறார்.

சாந்தி: ஆடியிலா! மாசியில் ஆடுவதை அந்தக் காற்றில் யார் ஆடுவது?

தேவகி: உங்கள் பக்கம் காற்றோடு போகும். எங்கள் பக்கம் ஆடி மழையில் காமனோடு ரதியும் சேர்ந்து கரைந்துபோவாள்.

பிரதீபன்: அவர் கொழும்புக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. மறந்திருப்பார்.

தேவகி: மாமா கடலையே தாண்டிப் போனவர். அவர் மறந்துவிட்டாரா? தூரம் ஒரு சாக்கு. முன்பு எழுதும்போது, நாம் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவோம் என்ற பயம் அவருக்கு இருந்தது. இப்போது பரிசுக்குழு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது போலும்.

பிரதீபன்: இது கொஞ்சம் அநியாயம் அத்தை. அவர் மனத்தில் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

தேவகி: சரி, பரிசுக்குழுவை எடுத்துவிடு. மற்றதில் மாற்றமில்லை.

சாந்தி: நல்லதாக ஒன்றுமே இல்லையா அக்கா?

தேவகி: ஏழாம் அத்தியாயம் இருக்கிறது. புறப்படுவதற்கு முதல் நாள், அம்மியை எடுத்துப்போவதா வேண்டாமா என்று மாமியாரும் மருமகளும் போடும் சண்டை. கடைசியில் குழவியை மட்டும் ஒருத்தி சேலைக்குள் சுற்றி ஒளித்து வைத்துக்கொள்கிறாள். அங்கே மட்டும் பழைய ஆள் எட்டிப் பார்க்கிறார். அதனால்தான் மிச்சத்தைப் படிக்கும்போது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மாமா: அந்த அத்தியாயத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பு அம்மா. எங்கள் வீட்டில் அம்மியை விட்டுவிட்டு அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தோம். ரயில் கோச்சி ஏறும்வரை சண்டை ஓயவில்லை.

தேவகி: இன்று இரவு அனுப்புகிறேன் மாமா. எழுத்துச் சிறியது, கண்ணாடியைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதீபன்: புத்தகத்தை எனக்குக் கொடுங்கள் அத்தை. முழுவதையும் படித்துவிட்டு உங்களோடு சண்டைக்கு வருகிறேன்.

தேவகி: ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா கண்டிக்கு வரும்போது கொடுத்துவிடுகிறேன். ஓரங்களில் நான் பென்சிலால் எழுதியிருப்பதை மட்டும் அழித்துவிடாதே.