செயின்சா பிஸ்டனில் கீறல்: சிலிண்டரையும் மாற்ற வேண்டுமா?

சில்வர்ஓக்: வணக்கம். மிளகுக்கொடிக்கு நிழல் கழித்துக்கொண்டிருந்தபோது செயின்சா திடீரென்று நின்றுவிட்டது. கயிறு இப்போது கனமே இல்லாமல் வருகிறது, இஞ்சின் பிடிக்கவில்லை. பிஸ்டனில் கீறல் விழுந்திருப்பதாக மெக்கானிக் சொல்கிறார். பிஸ்டன் மட்டும் மாற்றினால் போதுமா? நாளை ஆட்கள் வருகிறார்கள், விரைவாகச் சொல்லுங்கள்.

கருக்கல்: எத்தனை சிசி மெஷின்? பெட்ரோலில் லிட்டருக்கு எவ்வளவு 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இஞ்சின் ஆயில்) ஊற்றுகிறீர்கள்?

மேட்டுக்காடு: கீறல் எந்தப் பக்கம் என்று சொல்லாமல் யாரும் விடை தர முடியாது, நண்பரே. சைலன்சர் பக்கமா, கார்புரேட்டர் பக்கமா?

பழையபட்டறை: இதே கேள்விக்கு நான் எத்தனை முறை எழுதுவது? தேடிப் படிக்கும் பழக்கம் ஒருவருக்கும் இல்லை. பிளக்கையும் சைலன்சரையும் கழற்றி, கயிற்றை மெல்ல இழுத்து, பிஸ்டன் புகைவாயை அடைத்து நிற்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனின் பக்கவாட்டில் குறுக்காக ஓடும் மெல்லிய கோடுகள் கடைசலில் வந்தவை, அவற்றால் பயமில்லை. நெடுக்காக ஓடுபவைதான் கீறல். சைலன்சர் பக்கம் மட்டும் கீறியிருந்தால் பெட்ரோலோ ஆயிலோ போதாமல் ஓடியிருக்கிறது. கார்புரேட்டர் பக்கம் மங்கித் தேய்ந்திருந்தால் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. சுற்றிலும் கீறியிருந்தால் இஞ்சினைக் குளிர்விக்கும் காற்று போகும் வழியில் மரத்தூள் அடைத்துச் சூடேறியிருக்கிறது. காரணம் தெரியாமல் புதுப் பிஸ்டன் போடுவது, ஓட்டைக் குடத்துக்குப் புது மூடி வாங்குவதைப் போன்றது.

கருக்கல்: ஆயில் குறைவுதான் காரணம் என்பது என் கருத்து. டப்பாவில் 50:1 என்று போட்டிருப்பதை நம்பி 20 மில்லி ஊற்றுகிறார்கள். நம் வெயிலுக்கு லிட்டருக்கு 40 மில்லி வேண்டும்.

மேட்டுக்காடு: ஆயிலைக் கூட்டினால் அதே ஒரு லிட்டரில் பெட்ரோலின் பங்கு குறைகிறது என்பதையும், கார்புரேட்டரைத் திரும்ப டியூன் செய்யாவிட்டால் கலவை லீன் ஆகும் (காற்றுக்குப் பெட்ரோல் போதாது) என்பதையும் மறந்துவிடுகிறீர்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் வேறு கலந்து வருகிறது; அதுவும் கலவையை லீன் பக்கமே தள்ளும்.

கருக்கல்: கூடும் 20 மில்லியால் லிட்டரில் 2 சதவீதம்கூட மாறாது. ஆயில் குறைந்து இறுகிப்போன பிஸ்டன்களைத்தான் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பழையபட்டறை: உங்கள் ஆயில் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவருக்கு: சிலிண்டரின் உட்சுவரில் நகத்தால் கீறலுக்குக் குறுக்காக இழுங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் பிஸ்டனிலிருந்து உருகி ஒட்டிய அலுமினியம். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் வைத்தால் நுரைத்துக் கரையும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். புகைவாயின் விளிம்பில் படக்கூடாது. பிறகு தண்ணீர்விட்டுக் கழுவி உடனே ஆயில் தடவுங்கள். நகம் பள்ளத்தில் விழுந்தால் உள்முலாம் போய்விட்டது, சிலிண்டரையும் மாற்றத்தான் வேண்டும். பழைய டூ ஸ்ட்ரோக் பைக்குக்குச் செய்ததுபோல் போர் அடித்து (உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முலாம் பூசிய சிலிண்டருக்கு அது ஆகாது.

மேட்டுக்காடு: பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சரைப் பார்க்க வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடித்து நிறுத்தும் சர்க்லிப்பைக் கழற்றினால் திரும்பப் போட வேண்டாம், புதிது போடுங்கள். நிற்பதற்கு முன் ஐட்லிங் எப்படி இருந்தது?

சில்வர்ஓக்: தாமதத்துக்கு மன்னிக்கவும். 58 சிசி. கீறல் சைலன்சர் பக்கம் மட்டுமே; சிலிண்டரில் ஒட்டியிருந்தது ஆசிட்டில் கரைந்துவிட்டது, பள்ளம் இல்லை. ஒரு மாதமாகவே ஐட்லிங் தானாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது; நானே திருகைத் திருப்பிச் சமாளித்தேன், அதைச் சொல்லத் தோன்றவில்லை. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பரை வளைத்துப் பார்த்தால் அடியில் வெடிப்பு. பிஸ்டன், ரிங், ரப்பர் மூன்றும் மாற்றியாயிற்று, ஓடுகிறது. நன்றி.

மேட்டுக்காடு: அந்த வெடிப்பு வழியாகக் காற்று புகுந்துதான் கலவை லீன் ஆகியிருக்கிறது. கிராங்க் தண்டில் காற்று புகாமல் தடுக்கும் சீலையும் சோதித்தீர்களா? கார்புரேட்டர் திருகுகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தீர்களா?

கருக்கல்: ஆயில் எத்தனை மில்லி என்பதை அவர் கடைசிவரை சொல்லவே இல்லை.