நியூ ஃபாரஸ்டில் கண்ட ஆடர் விரியன்

பாம்பை எதிர்கொண்ட அனுபவங்களை நண்பர்கள் எழுதிவருவதைப் படித்ததும், தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்டில் நான் கண்ட ஆடர் விரியனைப் பற்றிச் சொல்லத் தோன்றியது. ஏப்ரல் நடுவில், இரவுப் பனி முழுதும் கரையாத ஒரு காலையில், ஹெதர் புதர்கள் மண்டிய பொட்டல் வழியே நடந்துகொண்டிருந்தேன். பாதையோரம், சென்ற ஆண்டின் பெரணிச் சருகு மடிந்துகிடந்த சரிவில் அது சுருண்டிருந்தது. இடையில் ஐந்தடி தூரம்கூட இல்லை. அண்மையில்தான் சட்டை உரித்த ஆண் என்பதை, வெள்ளிச் சாம்பல் மேனியில் முதுகு நெடுக ஓடிய கன்னங்கரிய நெளிகோடு காட்டிக்கொடுத்தது. விலா எலும்புகளை விரித்து, உடலைத் தட்டையாக்கி, கிடைத்த வெயிலையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்தது. செம்பு நிறக் கண்ணில் பாவை செங்குத்துக் கீற்றாக நின்றது. நான் அசையாதிருந்தேன், அது இருமுறை நாவை நீட்டிவிட்டு, சீறாமல் சருகுக்குள் நழுவியது.

இவ்வளவு சாதுவாக ஒதுங்கும் உயிரை, கண்டவுடன் அடிக்க வேண்டியதாகப் பலர் எண்ணுவது எனக்கு வருத்தம் தருகிறது. இதன் நஞ்சு வலியும் வீக்கமும் தரும், கடிபட்டவர் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். ஆயினும் 1975-க்குப் பின் பிரிட்டனில் இதன் கடியால் எவரும் இறந்ததாகப் பதிவு இல்லை. இதைக் கொல்வது அங்கே சட்டப்படி குற்றமும் ஆகும்.

விரியன் குட்டிகள் தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு பிறக்கும் என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். கிழிப்பது உண்மையன்று, குட்டி ஈனுவது உண்மை. மண்ணிலிட்ட முட்டை பொரியாத குளிர்நாட்டில், தாய் தன் வயிற்றிலேயே கருவைச் சுமந்து வெயில் காய்ந்து வளர்ப்பதால்தான் இந்த இனம் ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பாலும் வாழ்கிறது.

பெயரின் கதையும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் பாம்புக்கு ‘நேட்ரே’ என்று பெயர். அது பின்னர் ‘நாடர்’ ஆயிற்று. ‘எ நாடர்’ என்று சொன்னதைக் கேட்டவர்கள் ‘அன் ஆடர்’ என்று பிரித்துக்கொண்டதில், சொல்லின் முதல் மெய் முன்னிருந்த ஒட்டோடு போய்விட்டது. ‘பலகை’யைப் ‘பல கை’ என்று பிரித்து மகிழும் நமக்கு இது எளிதில் விளங்கும். நாம் சிலேடைக்காகச் செய்வதை அவர்கள் அறியாமலே செய்து, அதுவே நிலைத்துவிட்டது. ‘நேப்ரன்’ என்பது ‘ஏப்ரன்’ ஆனதும் இப்படித்தான். ஜெர்மானியர் ‘நாட்டர்’ என்று அந்த முதல் மெய்யைக் காத்துக்கொண்டனர். ஆனால் அங்கே அச்சொல் இன்று பெரும்பாலும் நஞ்சில்லாப் பாம்புகளையே குறிக்கிறது.

ஆடர்கள் குளிர்காலம் உறங்கிய இடத்துக்கே ஆண்டுதோறும் திரும்பிவரும் என்று படித்திருந்ததால், மறு ஏப்ரலில் அதே சரிவுக்குப் போனேன். சருகின்மேல் ஓர் ஆண் படுத்திருந்தது. தலைச் செதில்களின் அமைப்பைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், அதே பாம்புதான்.