பாசிக்கொல்லியா, பாசித்தடுப்பியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தொழிற்சாலைப் பராமரிப்புக் கையேட்டைத் தமிழாக்கும் அம்மா நம் குழுவில் கேட்டது ஒரு சொல்: தண்ணீரில் பாசியை ஒழிக்கப் போடும் மருந்துக்கு, அதாவது algaecide என்பதற்கு, தமிழில் என்ன? மூன்று நாளில் ஆறு சொற்கள் வந்துவிட்டன: பாசிக்கொல்லி, பாசிநாசினி, பாசிநீக்கி, பாசியொழிப்பான், ஆல்காக்கொல்லி, பாசிப்பகை. கடைசிச் சொல்லைப் படித்துச் சிரித்துவிட்டேன். எழுதியவர் மன்னிக்க வேண்டும். கூலிங் டவர், அதாவது ஆலையின் சுடுநீரை மேலிருந்து விழவிட்டுக் குளிர்விக்கும் கோபுரம், அதன் தண்ணீரோடு பதினெட்டு ஆண்டுகளாக மல்லுக்கட்டுகிறவன் என்பதால், தமிழறிஞர்கள் நடுவே நானும் கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

முதலில் 'பாசி'. இந்தச் சொல் பாறையிலும் சுவரிலும் படர்வதையும் சேர்த்துக் குறிக்கும், துல்லியம் போதாது, ஆகவே ஆல்கா என்றே வைப்போம் என்றார் ஒருவர். அது சேர்த்துக் குறிப்பதுதான் எனக்கு வேண்டும். கோபுரத்தில் பச்சையாகப் படர்வதில் ஒரு பங்கு நீலப்பச்சைப் பாசி. உயிரியலார் அதைப் பாக்டீரியாவோடு சேர்த்து நெடுநாளாகிறது. நம் உழவர்களோ அதை நெல் வயலில் தழைச்சத்துக்காக வளர்க்கிறார்கள். அவர்களுக்கு அது பாசிதான். வேலைக்கு நிற்பவர் கையில் நுண்ணோக்கி இல்லை. வெயில் படும் ஈரத்தில் பச்சையாக வழுக்குவது எதுவோ, அது பாசி.

அடுத்து 'கொல்லி'. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி என்று ஊறிப்போன வடிவம் என்பதில் மறுப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லை நம்பி நடந்தால் என்ன ஆகும் என்பதை அனுபவித்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோபுரத்தின் உச்சியில் சுடுநீர் வந்து விழும் திறந்த தட்டில் பாசி மெத்தையாகக் கிடந்தது. ஒரு சனிக்கிழமை இரவு சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் மருந்தை வழக்கத்தைவிடப் பல மடங்கு ஊற்றினோம். கொல்லி தன் வேலையைச் செய்தது. செத்த பாசி மொத்தமாகப் பெயர்ந்து, தண்ணீர் இறங்கும் துளைகளை அடைத்து, மிச்சம் கீழ்த்தொட்டிக்கு வந்து பம்பின் வலைச்சல்லடையில் அப்பிக்கொண்டது. ஞாயிறு விடியலில் தண்ணீர் ஓட்டம் குறைந்து இயந்திரம் நின்றுவிட்டது. அன்று பாதி நாள் வாளியும் கையுமாக நின்றோம். அதோடு விட்டதா? அழுகும் பாசியே பாக்டீரியாவுக்குச் சோறு. அடுத்த வாரம் குழாய்களுக்குள் வழுவழுப்பான படலம் பிடித்தது. அந்தப் படலம் வெப்பத்தைக் கடத்துவதில் ஏறக்குறைய தண்ணீர் அளவுக்கு மந்தம். அதே தடிமனுள்ள சுண்ணாம்புப் படிவே அதைவிடத் தேவலாம்.

பாசிக்கு வேண்டியவை மூன்று: வெயில், ஈரம், கொஞ்சம் உரம். கோபுரத்தில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், உள்ளே வந்த உப்புகள் செறிவாகிக்கொண்டே போகும். துரு பிடிக்காமலிருக்க நாமே போடும் பாஸ்பேட் பாசிக்கு விருந்து. வெயிலை மறைத்தால் பாதி வேலை முடிந்தது. அதனால்தான் உச்சித்தட்டுக்கு நார்க்கண்ணாடித் தகட்டால் மூடி போடுகிறோம். மூடிக்குக் கொல்லி என்று பெயர் வைக்க முடியுமா? அது எதையும் கொல்லவில்லை, வரவிடாமல் செய்கிறது. டெர்புதைலசின் போன்ற மருந்துகளும் அப்படித்தான்: ஒளிச்சேர்க்கையை முடக்கிவிடுகின்றன, பாசி அன்றே சாகாமல் மெல்ல வாடுகிறது, புதிது தலையெடுப்பதில்லை. தட்டைச் சுரண்டிக் கழுவிய பிறகு போட வேண்டியது இது.

மயில்துத்தம் (செம்புச் சல்பேட்) போடலாமே என்று கேட்ட நண்பருக்கு: அமெரிக்க வேளாண் துறையினர் 1904-லேயே நீர்த்தேக்கப் பாசிக்கு அதைப் பரிந்துரைத்தார்கள், குளத்துக்குச் சரி. எங்கள் குழாய்கள் இரும்பு. தண்ணீரிலுள்ள செம்பு இரும்பின்மேல் படிந்தால் அந்த இடத்தில் குழி குழியாக அரிக்கும்.

'நீக்கி' கூடவே கூடாது. கறைநீக்கி போல, ஊற்றினால் போய்விடும் என்று தொழிலாளி நம்புவார். தேய்க்கும் பிரஷைக் கீழே வைத்துவிடுவார். 'நாசினி' எல்லார் வாயிலும் இருக்கும் சொல்தான், ஆனால் அதுவும் கொல்லியின் வடமொழித் தங்கை.

இதே கையேட்டில் வேறோர் இடத்தில் 'உயிர்க்கொல்லி' என்று பார்த்தேன். நுண்ணுயிர்களைக் கொல்லும் எல்லா மருந்துக்கும் பொதுப்பெயராக வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து மாற்றுங்கள், அம்மா. எய்ட்ஸுக்கு 'உயிர்க்கொல்லி நோய்' என்று நம் நாளிதழ்கள் ஆண்டுக்கணக்காக எழுதியிருக்கின்றன. அந்தப் பெயர் ஒட்டிய டிரம்மை எங்கள் ஆட்கள் தொட மாட்டார்கள். 'நுண்ணுயிர்க்கொல்லி' போதும்.

என் முடிவு இது. இருப்பதைக் கொல்லும் மருந்து பாசிக்கொல்லி. வளரவிடாமல் வைக்கும் மருந்து பாசித்தடுப்பி. மூடி போடுவது, கழுவுவது, மருந்திடுவது எல்லாம் சேர்ந்தது பாசித்தடுப்பு. அத்தியாயத் தலைப்பாக அதுவே வரட்டும்.

அன்புடன்,
தொட்டிக்கரையிலிருந்து

* * *

> வளரவிடாமல் வைக்கும் மருந்து பாசித்தடுப்பி.

தம்பிக்கு வாழ்த்து. கருத்து சரி, சொல் எனக்கு இடிக்கிறது. பெருக்கு – பெருக்கி, ஊட்டு – ஊட்டி, கொத்து – கொத்தி என்று வினையடியோடு இகரம் நேரே சேரும்போது தமிழ் இயல்பாக நடக்கிறது. 'தடுப்பி' என்பதில் தடுப்பு என்ற பெயரின் வாலில் இகரத்தைக் கட்டியிருக்கிறோம். அடக்கு – அடக்கி. ஆகவே 'பாசியடக்கி' என்பேன்.

பொருளுக்கும் அதுவே பொருந்தும். சங்க இலக்கியத்தை இழுக்காமல் இந்தக் குழுவில் ஒரு மடலும் முடிவதில்லை என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. இருந்தாலும் குறுந்தொகை 399-இல் பரணர் சொன்னது உங்கள் தொட்டியைத்தான்: ஊருண் கேணியின் பாசி, தொடும் இடமெல்லாம் விலகும், விடும் இடமெல்லாம் பரவும். காதலன் பிரிவால் தலைவியின் மேனியில் படரும் வெளிறலான பசலைக்குச் சொன்ன உவமை. கொன்றால் தீராது, கையை எடுத்தால் திரும்ப வரும் என்பது அதிலேயே இருக்கிறது. அப்படிப்பட்டதை அடக்கித்தானே வைக்க முடியும்?

இன்னொன்று. 'குளிரூட்டும் கோபுரம்' என்று கையேட்டில் இருக்கிறதே, அது அறைக்குக் குளிரூட்டும் இயந்திரம் போல ஒலிக்கிறது. கோபுரம் செய்வது டீக்கடைக்காரர் செய்வதைத்தான்: உயரத்திலிருந்து ஊற்றி, காற்றில் விரித்து, சூட்டைத் தணிக்கிறது. இதற்குத் தமிழில் 'ஆற்றுதல்' என்று பெயர். கோபுரத்தை 'நீராற்றி' என்றால் என்ன?

நலம் விழையும்
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

* * *

ஐயா, நீராற்றியைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். இத்தனை ஆண்டுகள் தினமும் இரண்டு வேளை டீக்கடையில் நின்றவனுக்கு இது தோன்றவில்லையே! ஓடும் நீரில் நூற்றில் ஒரு பங்கு ஆவியானால் மீதித் தண்ணீர் ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குளிர்ந்துவிடும். டீ ஆற்றும்போது எழும் ஆவியின் கணக்கும் அதுதான்.

இலக்கணத்தில் உங்களோடு வாதாட எனக்குத் தகுதியில்லை. ஆனால் நுண்ணுயிர் எதிர்ப்பி, இணைப்பி என்று அந்த வாலோடு பல சொற்கள் நடமாடத் தொடங்கிவிட்டன. 'அடக்கி' என்றால் தலைகாட்டிய பிறகு அமுக்குவது என்ற எண்ணம் வருகிறது. தடுப்பூசியை நோய் வருமுன் போட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். 'தடுப்பி' அந்த அறிவின் தோளில் ஏறிக்கொள்கிறது.

"ஒரு பாசிக்கு இவ்வளவு நுணுக்கமா?" என்று தனிமடலில் கேட்ட நண்பருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாசியும் வழுவழுப்புப் படலமும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவுக்கு ஒதுங்கிடம். 1976-இல் பிலடெல்பியா நகர ஓட்டலொன்றில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே அது உண்டாக்கிய நுரையீரல் நோயில் 29 பேர் இறந்தார்கள். கூலிங் டவர்களை மருத்துவர்கள் உற்றுப் பார்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான். டிரம்மின் மேல் எந்தச் சொல் இருக்கிறது என்பது, அந்த மருந்து எப்போது, எவ்வளவு தண்ணீருக்குள் போகிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

இன்று காலை ஒரு சோதனை செய்தேன். இரண்டு டிரம்களில் சுண்ணக்கட்டியால் பாசிக்கொல்லி, பாசித்தடுப்பி என்று எழுதி, எங்கள் உதவியாளரிடம் தட்டைக் கழுவி முடித்ததும் எதை ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். யோசிக்காமல் இரண்டாவதைக் காட்டினார். பிறகு கோபுரத்தின் காலில் 'நீராற்றி' என்று பெரிதாக எழுதினேன். நெடுநேரம் பார்த்தார். "எந்த ஆற்றுத் தண்ணீர், சார்? நமக்கு வருவது ஆழ்குழாய்த் தண்ணீர் ஆயிற்றே" என்றார்.

அம்மா, கையேட்டில் இப்போதைக்குக் கூலிங் டவர் என்றே இருக்கட்டும். ஐயாவின் சொல்லைச் சொல்லடைவில் போட்டுவையுங்கள்.