ஷெரீஃபை நம்ம ஊரில் யாரென்று சொல்வது?

விளவங்கோடு:
அமெரிக்கக் கிராமப்புறக் கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) ஒன்றின் வரலாற்றை நம்ம கன்னியாகுமரி மாவட்டப் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதுகிறேன். ஷெரீஃப் திருடனைப் பிடிக்கிறார், சிறையைப் பார்க்கிறார், வீட்டைக் காலி செய்விக்கிறார், சில இடங்களில் வரியும் வாங்குகிறார். 'எஸ்.பி.' என்று போட்டால் சரியா? பழைய திருவிதாங்கூரில் இப்படி ஒருவர் உண்டா?

கோட்டாறு:
எஸ்.பி. என்று போடாதீர்கள். எஸ்.பி.யை அரசு நியமிக்கும், இடம் மாற்றும். பெரும்பாலான மாநிலங்களில் ஷெரீஃப் மக்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர், பதவிக்காலம் பொதுவாக 4 ஆண்டு. பல நகராட்சிகளுக்குத் தனிப் போலீஸ் இருக்கும். அதற்கு வெளியே உள்ள பண்ணையும் மலையும்தான் பெரும்பாலும் இவர் பொறுப்பு.

கவுண்டிச் சிறையில் இருப்பவர்கள் விசாரணைக் கைதிகளும், பெரும்பாலும் ஓராண்டுக்குள் தண்டனை பெற்றவர்களும். இங்கே நாகர்கோவில் மாவட்டச் சிறை சிறைத்துறையின் கீழ்; எஸ்.பி.க்கு அதில் நிர்வாகம் கிடையாது. கலிபோர்னியாவின் பல கவுண்டிகளில் சந்தேக மரணத்தை விசாரிப்பதும் ஷெரீஃபே. நம்மிடம் அதைப் போலீஸ் செய்யும். கல்யாணமாகி 7 ஆண்டுக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரிக்க வருவார்.

'மாவட்டம்' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். டெக்சாஸின் லவ்விங் கவுண்டி பரப்பில் நம்ம மாவட்டத்தைவிடச் சற்றே பெரியது. 2020 கணக்கெடுப்பில் அங்கே 64 பேர்! நமக்கு 2011லேயே 18.7 லட்சம். அத்தனை குறைவான ஆட்கள் உள்ள இடத்தில் ஒருவரே பல வேலை பார்ப்பது இயல்பு. 10,000 பேருக்குக் குறைந்த கவுண்டியில் ஷெரீஃபே வரி அதிகாரியாகவும் இருக்க டெக்சாஸ் அரசியல் சட்டம் இடம் தருகிறது.

குழித்துறை:
வீட்டைக் காலி செய்விப்பதை விளக்கமாக எழுதுங்கள், பிள்ளைகளுக்கு அதுதான் குழப்பும். அங்கே கோர்ட் உத்தரவு ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போகும், கட்டணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். டெபுட்டி (ஷெரீஃபின் கீழ் வேலை பார்ப்பவர்) கதவில் நோட்டீஸ் ஒட்டுவார். கெடு தீர்ந்ததும் வந்து குடியிருப்பவரை வெளியேற்றி, வீட்டை உரிமையாளரிடம் ஒப்படைப்பார்.

இங்கே அது கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனாவின் வேலை. தீர்ப்பு வாங்கினால் மட்டும் போதாது, 12 ஆண்டுக்குள் நிறைவேற்று மனு போட வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 21, ரூல் 35படி, சொத்தை ஒப்படைக்கச் சொல்லும் டெலிவரி வாரண்ட் வரும். எதிர்ப்பு இருக்குமென்றால் போலீஸ் பாதுகாப்புக்குத் தனியாக மனு. நிலத்தை ஜப்தி செய்வதென்றால் ரூல் 54: சொத்து இருக்கும் இடத்திலோ பக்கத்திலோ தண்டோரா போட்டு, நிலத்திலும் கோர்ட்டிலும் உத்தரவை ஒட்டணும். தீர்வை (நிலவரி) கட்டும் நிலமானால் கலெக்டர் அலுவலகத்திலும் ஒட்டணும்.

நம்ம பக்கம் இது தடுக்கி விழும் இடம் சர்வே எண். பழைய ஆதாரத்தில் (பத்திரத்தில்) பழைய சர்வே எண், வில்லேஜ் கணக்கில் மறுபடி அளந்து கொடுத்த ரீசர்வே எண். தீர்ப்பின் சொத்து விவரத்தில் பழைய எண் மட்டும் இருந்து, நாலு எல்லையில் 'கிழக்கே இன்னாருடைய தெங்குவிளை' (தென்னந்தோப்பு) என்று எழுதியிருந்தால், அந்த விளை இப்போது மூன்று துண்டாக விற்றுப் போயிருக்கும். எந்தச் சென்ட் என்று தெரியாமல் அமீனா வாரண்டைத் திருப்பிவிடுவார். வழக்குப் போடும்போதே இரண்டு எண்ணையும் சேர்த்து, சர்வேயர் வரைபடத்தையும் இணைத்தால் இந்த அலைச்சல் இல்லை.

பத்மநாபபுரம்:
அண்ணாச்சி, நீங்கள் தேடுகிற ஆள் காரியக்காரர். திருவிதாங்கூரில் மண்டபத்தும்வாதுக்கல் என்ற பிரிவுக்குத் தலைவர்; கீழே ஊர்ப் பகுதிக்குப் பார்வத்தியக்காரர். வரி, காவல், நியாயம் எல்லாம் காரியக்காரர் கையில். ஒரே ஆள் வரியும் வாங்கி வழக்கும் தீர்த்தால் குடியானவன் யாரிடம் முறையிடுவான்? 1811இல் திவான் பொறுப்பையும் ஏற்ற பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோ நியாய அதிகாரத்தைப் பிரித்து 5 ஜில்லா கோர்ட் வைத்தார், அதிலொன்று எங்கள் பத்மநாபபுரத்தில். காரியக்காரர் தாசில்தார் ஆனார். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோதும் தாலுகாவுக்குத் தாசில்தாரே.

விளவங்கோடு:
அப்படியானால் 'காரியக்காரர்' என்றே போட்டுவிடவா?

பத்மநாபபுரம்:
வேண்டாம். அவர் ராஜாவின் ஆள், ஷெரீஃப் ஓட்டு வாங்கி வந்தவர். 'ஷெரீஃப்' என்றே விட்டு, முதல் தடவை வருமிடத்தில் 'கவுண்டி மக்கள் தேர்ந்தெடுக்கும் காவல், சிறை அதிகாரி' என்று ஒரு வரி சேருங்கள். காரியக்காரரை ஒப்பீட்டுக்கு மட்டும், அதுவும் தனிப் பெட்டியில்.