சிறைக்குப் போகும் பல் மருத்துவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். நான் பல் மருத்துவர். மூன்று மாதமாக ஒரு சிறைக்குப் போய் சிகிச்சை தருகிறேன். ஒரு விஷயத்தில் தடுமாறுகிறேன், அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

வருகிறவர்களில் பலர் போதைப்பொருள் பழகியவர்கள். வெளியே இருந்தவரை ஹெராயின் வலியை மறைத்திருக்கும். உள்ளே வந்து அது நின்றதும், பல வருடச் சொத்தை மொத்தமாக வலிக்கத் தொடங்குகிறது. மெத் (மெத்தாம்ஃபெட்டமைன் என்ற ஊக்கப் போதைப்பொருள்) எடுத்தவர்களுக்கு எச்சில் வற்றி, ஈறு ஓரமாகப் பல் கரைந்திருக்கிறது. போதாததற்குப் பல்லைக் கடித்துத் தேய்த்தும் விட்டிருக்கிறார்கள். ஹெராயினுக்கு மாற்று மருந்தாகத் தரும் மெத்தடோன் சிரப்பிலும் சர்க்கரை இருக்கலாம்.

என் சிக்கல் இதுதான். காவலர் பக்கத்தில் நிற்கும்போது "கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?" என்று கேட்டால் யார் உண்மையைச் சொல்வார்கள்? ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும். மெத்தோ கோகெயினோ எடுத்த சூட்டில் அட்ரினலின் கலந்த மரப்பு ஊசி போட்டால் இதயத்துக்கு ஆபத்து. தண்டனை கூடிவிடுமோ என்ற பயத்தில் மறைக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தனியாகப் பேச இடம் கேட்டேன், பாதுகாப்பு என்று மறுத்துவிட்டார்கள். கைதிகளை நடத்தும் முறை பற்றி 2015இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகள் மருத்துவ ரகசியத்தை வலியுறுத்துகின்றன என்று எழுதிக் கொடுக்கலாமா, இல்லை உறவு கெடுமா?

அப்புறம், பல் பிடுங்கிய பின் வலிக்கு பாராசிட்டமாலும் இப்யூபுரூஃபனும் சேர்த்துத் தருகிறேன். அதுவும் போதாதவர்களுக்கு என்ன செய்கிறீர்கள்?